வாய் திறக்காத பத்து நாளில் கேட்ட பாட்டுகள்

குரல் நாணில் இருந்த சின்னக் கட்டியை எடுத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று, சேலத்து டாக்டரம்மா என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூட வேண்டாம், அது இன்னும் கெடுதல். முனகக்கூடாது, பாடக்கூடாது. எதுவானாலும் எழுதிக் காட்டச் சொல்லுங்க."

"இவங்க டீச்சருங்க டாக்டர்," என்றார் என் கணவர்.

"தெரியும். அதனாலதான் இது வந்துருக்கு."

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். வகுப்பில் அறுபது பிள்ளைகள், ஒரு மின்விசிறி, அதன் இரைச்சலை மிஞ்சிக் கத்த ஒரு தொண்டை. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு நிற்காது. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, தொலைக்காட்சியில் யாராவது தப்பாக எதையாவது சொன்னால் அவர்களோடும் பேசிக்கொண்டிருப்பேன். கணவர் நேர்மாறு. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து, பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குகிறவர். காலையில் போனால் மதியமோ சாயங்காலமோ வருவார். என்ன கேட்டாலும் "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் சத்தம் என்றால் அது நான்தான்.

முதல் நாள் வீட்டில் தனியாக இருந்து பார்த்தேன். மூன்று தடவை வீட்டைப் பெருக்கினேன். டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, வேறு வரிசையில் அடுக்கி, பிறகு பழைய வரிசைக்கே மாற்றினேன். பால்காரர் வந்து "டீச்சரம்மா" என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. கையால் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் பயந்துபோய்ப் பாலை வைத்துவிட்டுப் போனார். நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடுகிறது.

மறுநாள் காலை கணவர் செருப்பை மாட்டும்போது நோட்டில் எழுதி நீட்டினேன்: நானும் வண்டியில் வருகிறேன்.

"மண்டிக்கா? அந்தச் சத்தத்துல நீ வந்து என்ன பண்ணுவ?" என்றவர், நான் ஏற்கனவே செருப்போடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "செரி வா, ஒக்காரு," என்றார்.

அந்த வண்டியில் ஒரு பாட்டுப்பெட்டி உண்டு. அதன் திரை எப்போதோ செத்துப்போயிற்று. பொத்தான்களில் வேலை செய்வது இரண்டுதான்: பெட்டியைப் போட்டு அணைக்கிறது ஒன்று, அடுத்த பாட்டுக்குப் போகிறது ஒன்று. அதில் செருகிய பென் டிரைவில் ஆயிரத்துக்கு மேல் பாட்டுகள் இருக்கின்றன. செல்போன் கடையில் ஏற்றிக்கொடுத்தது. நான் கொஞ்சம் சொன்னேன், மகள் கொஞ்சம் சொன்னாள், இவர் ஏதோ சொல்லியிருக்கிறார், மீதியைக் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு நிரப்பிவிட்டார். எந்தப் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சாமி பாட்டு முடிந்ததும் குத்துப் பாட்டு வரும், அதற்குப் பின் தாலாட்டு வரும். இவருக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வருவது வரட்டும் என்று ஓட்டிக்கொண்டு போவார். நான் எப்போது அந்த வண்டியில் ஏறினாலும் பாதிப் பாட்டுக்குமேல் பொறுக்க மாட்டேன். அமுக்கிக்கொண்டே இருப்பேன். அல்லது நிறுத்திவிட்டுப் பேசுவேன்.

அன்று பென்னாகரத்துக்கு லோடு. பாப்பாரப்பட்டி தாண்டும்போது ஒரு அம்மன் பாட்டு வந்தது. உடுக்கையும் பம்பையுமாய், திருவிழாவுக்குத் திருவிழா குழாய் ஒலிபெருக்கியில் கிழிகிற வகை. கேட்டதும் எனக்குப் பதினேழு வயது ஆகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு, மறுநாள் கணக்குப் பரீட்சை, எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் குழாயைக் கட்டி இந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் பந்தலுக்குப் பின்னால் போய், மைக்செட் பெட்டியிலிருந்து ஒரு ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டு வந்து தொகை நுண்கணிதம் போட்டேன். மைக்செட்காரர் சாயங்காலம் வரை பெட்டியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் அவரை நிற்க வைத்துத் திட்டியது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இத்தனை பேச்சுப் பேசுகிறவள் இதை எப்படி இவரிடம் சொல்லாமல் விட்டேன் என்று தெரியவில்லை. நோட்டை எடுத்துக் கிறுக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"ரோட்டப் பாக்கறதா, உன் நோட்டப் பாக்கறதா?" என்றார்.

பென்னாகரத்தில் பெட்டி இறக்கி, டீ வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"பாவம் அந்த மைக்செட்காரன்," என்றார். "செய்யாத தப்புக்கு அன்னிக்கு எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பான்."

நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார். முப்பது வருடத்தில் நான் அந்த ஆளைப் பற்றி ஒரு முறைகூட நினைத்ததில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க எனக்குப் பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. 

அடுத்த நாள் அரூர். தர்மபுரி தாண்டியதும் மகளின் பாட்டு ஒன்று வந்தது. பாட்டு என்று நான் ஒத்துக்கொண்டதில்லை. ஒருவன் மூச்சுவிடாமல் பேசுகிறான், பின்னால் எதையோ தட்டுகிறார்கள். மகளை விடுதியில் விடப்போன அன்று இதே வண்டியில் இதே பாட்டு வந்தபோது நான் நிறுத்திவிட்டு, விடுதியில் எப்படி இருக்க வேண்டும், யாரோடு சேர வேண்டும், எத்தனை மணிக்குப் போன் செய்ய வேண்டும் என்று சங்ககிரி வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இப்போது நிறுத்தக் கை போயிற்று. நிறுத்தினால் என்ன பேசப் போகிறோம் என்று கையை எடுத்துக்கொண்டேன். முதல் முறையாக முழுப்பாட்டையும் கேட்டேன். புது ஊரில் ஒரு அறையில் தனியாக இருப்பவனுக்கு மின்விசிறிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, இதுதான் பாட்டு. அவ்வளவு வேகமாகப் பேசியதால் இதுவரை எனக்கு ஒரு வார்த்தையும் புரிந்ததில்லை.

நான் நோட்டில் எழுதிக் கேட்காமலே இவர் சொன்னார்: "அன்னிக்கு நீ ஆஃப் பண்ணியே, பாப்பா அழுதுட்டுத்தான் வந்துச்சு. கண்ணாடில பாத்தேன்."

ஏன் அப்போது சொல்லவில்லை என்று கையால் கேட்டேன்.

"நீ பேசிட்டு இருந்தியே."

அரூர் வரும்வரை என் விரல்கள் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே வந்தன. அன்று மதியம் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன்" என்று. "எந்தப் பாட்டு?" என்று கேட்டாள். எனக்கு அதன் பெயர்கூடத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு விபரீதம் ஆயிற்று. அந்தப் பென் டிரைவில் ஒரு பழைய மெல்லிசைப் பாட்டு பாதியில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஏற்றும்போதே கோளாறு. இரண்டாம் சரணத்தில் பாடுகிறவள் மேலே ஏறுகிற இடத்தில் டக்கென்று நின்று அடுத்த பாட்டு வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. அந்த இடம் வந்தால் மீதியை நான் பாடி முடித்துவிடுவது பல வருடப் பழக்கம். அன்றும் பாட்டு நின்றது. அடுத்த அடி என் தொண்டையில் ஏறி, நான் நினைப்பதற்குள் ஒரு முனகலாய் வெளியே வந்துவிட்டது.

உள்ளே ஊசி இழுத்ததுபோல் வலித்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர். இவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"பாடினியா?"

தலையாட்டினேன். அறுவை செய்ததெல்லாம் பிரிந்துவிட்டது, இனிமேல் வகுப்பில் நின்று ஒரு வார்த்தை பேச முடியாது என்று தோன்றியது. அவர் மருத்துவமனைக்குப் போன் போட்டார். நான்கு தடவை அடித்தபின் ஒரு நர்ஸ் எடுத்தார்.

"இல்லீங்க, பேசலீங்க. பாடிட்டாங்க. இல்லீங்க, கொஞ்சம்தான். ஒரே ஒரு அடி. ரத்தம் வருதான்னு பாக்கணுமா?"

புளியமர நிழலில் என்னைக் கீழே இறக்கி, வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். என் வாய்க்குள் என்ன தெரிந்ததோ. "ஒண்ணும் இல்ல, செவப்பாத்தான் இருக்குது," என்று போனில் சொன்னார். நர்ஸ் ஏதோ சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. பயப்பட ஒன்றும் இல்லை, மறுபடி செய்யாமல் இருந்தால் போதும் என்றாராம்.  இவர் பாட்டுப்பெட்டியை அணைத்துவிட்டு ஓட்டினார். மறுநாளும் போடவில்லை. அந்த அமைதியில் நான் பட்ட பாட்டுக்கு, ஏழாம் நாள் நானே கைநீட்டிப் போட்டுவிட்டேன்.

அன்று ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். மேடு ஏறுகிற இடத்தில் ஒரு கன்னடப் பாட்டு வந்தது. கடைக்காரர் வைத்ததாக இருக்கும் என்று நினைத்து அமுக்கக் கையைக் கொண்டுபோனேன். இவர் என் கையைப் பிடித்து விலக்கினார். அப்படி அவர் செய்ததே இல்லை.

பிறகு பாடினார். முழுப் பாட்டையும், ஒரு சொல் தடுமாறாமல், பாடகனுக்கு ஒரு நொடி முன்னாலேயே. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இவர் பாடி நான் கேட்டதில்லை. கன்னடம் கொஞ்சம் தெரியும் என்று தெரியும், மண்டியில் எல்லோருக்கும் தெரிவதுபோல. இது அப்படித் தெரிந்த கன்னடம் இல்லை.

பாட்டு முடிந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"பெங்களூரு தாண்டி ராமநகரத்துல ரெண்டு வருஷம் இருந்தேன். இருபது வயசு. பட்டு நூல் சுத்தற எடம். பட்டுக்கூட்ட வெந்நீர்ல போட்டு வேகவெச்சு நூல் எடுப்பாங்க. நாத்தம்னா நாத்தம். காலைல இருந்து ரேடியோ ஓடிட்டே இருக்கும். இந்தப் பாட்டு தெனம் வரும்."

மேட்டில் கியரை மாற்றினார்.

"அங்க ஒரு பொண்ணு நூல் எடுத்துட்டு இருந்துச்சு. வெந்நீர்லயே கெடந்து கை எப்பவும் வெளுத்து, சுருங்கி இருக்கும். கட்டிக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். எங்கப்பா வந்துட்டாரு. நெலத்துல வேலை கெடக்குது, வான்னாரு. ஒரு வாரத்துல வந்துடறன்னு அதுங்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."

எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டார்.

"அப்பறம் போவல."

அவ்வளவுதான்.  அடுத்த பாட்டு வந்துவிட்டது, ஏதோ கல்யாண வீட்டுப் பாட்டு, நாதஸ்வரம். நான் நோட்டை எடுத்துக் கிறுக்கி நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

எனக்கு வந்தது பொறாமையா என்று அன்றைக்கே என்னைக் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் நடந்த கதை. வெளுத்த கைகளோடு இருந்த அந்தப் பெண்மேல் எனக்கு என்ன கோபம் வரும்? கோபம் இவர்மேல்தான். இருபத்திரண்டு வருடம் வைத்திருந்ததை, நான் வாய் திறக்க முடியாத நாளாகப் பார்த்துச் சொன்னாரே, அதற்கு.

சாயங்காலம் வீட்டில் ஒரு முழுப் பக்கம் கேள்வி எழுதி அவர் முன் வைத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இதெல்லாம் வாய் வந்தப்பறம் கேளு," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மீதி மூன்று நாளும் நான் வண்டியில் இருந்தேனே தவிர நிலைகொள்ளவில்லை. அந்தக் கன்னடப் பாட்டு மறுபடி வந்தால் அவர் இன்னும் கொஞ்சம் சொல்வார் என்று எனக்குள் ஒரு எண்ணம். பொத்தானை அமுக்கிக்கொண்டே போனேன். சாமி பாட்டு, அமுக்கு. மழைப் பாட்டு, அமுக்கு. மகளின் பாட்டுகள், வெட்டுப்பட்ட பாட்டு, அமுக்கு, அமுக்கு. ஆயிரம் பாட்டில் ஒன்று எத்தனை முறை அமுக்கினால் வரும் என்று மனதுக்குள் கணக்கும் போட்டேன். கணக்கு டீச்சருக்கு விடை தெரிந்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

"ஏன் இப்படி அமுக்கிட்டே வர்ற? ஒண்ணாவது ஓடட்டுமே," என்றார். நான் எதைத் தேடுகிறேன் என்று தெரிந்தும் வேண்டுமென்றேதான் கேட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

பதினோராம் நாள் சேலத்தில் டாக்டரம்மா தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது என்றார். "இன்னைக்கு அஞ்சு நிமிஷம் பேசலாம். நாளைக்குப் பத்து. மெதுவா, சாதாரணக் குரல்ல."

அங்கேயே பேசிப் பார்க்கச் சொன்னார். "சரிங்க டாக்டர்," என்றேன். வேறு யாரோ ஒரு பொம்பளை பேசியதுபோல் இருந்தது. கரகரப்பாய், இரண்டு படி கீழே. போகப்போகச் சரியாகும் என்றார்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. இவர் என்ஜினை அணைத்தார். எனக்கு நான்கரை நிமிடம் மீதி இருந்தது. பதினான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். அதில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"ஒரு வாரத்துல வர்றேன்னு சொல்லிட்டு ஏங்க போவல? அந்தப் பொண்ணு எத்தன நாள் பாத்துட்டு இருந்திருக்கும்?"

அவர் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"போனேன்," என்றார்.

"போவலன்னீங்க?"

"ஒரு வாரத்துல போவல. எட்டு மாசம் கழிச்சுப் போனேன். அந்த எடத்தையே மூடிட்டாங்க. அவங்க வூட்ல வேற ஆளுங்க குடி இருந்தாங்க. மைசூர்ப் பக்கம் போயிட்டாங்கன்னாங்க."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"அழுவாச்சி வந்துடும்போல இருந்துச்சு. வண்டி ஓட்டிட்டு இருந்தனே."

"எங்கிட்ட ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

ஸ்டியரிங்கைத் தேய்த்தார். "சொல்லலாம்னுதான் பல தடவ நெனைப்பேன். நீ ஒண்ணு சொல்லிட்டு இருப்ப. அது முடியறதுக்குள்ள எனக்கு விட்டுப்போயிரும்."

முன்னால் லாரி நகர்ந்தது. எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்திருக்கும். அதை நான் உபயோகிக்கவில்லை.

இதற்குப்பின் நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கழுத்தில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் பழையபடிதான். ஆனால் சில சமயம், பேச்சின் நடுவே, இவர் முகத்தில் ஏதாவது விட்டுப்போகிறதா என்று பார்க்கிறேன். பார்த்து நிறுத்தினால், "ஏன் நிறுத்திட்ட, சொல்லு," என்கிறார். அதுவும் ஒரு அவஸ்தை.

மே மாத விடுமுறையில் பெங்களூருக்கு ஒரு லோடு வந்தது. நானும் போனேன். காலையிலேயே இறக்கியாகிவிட்டது. "ராமநகரம் போலாமாங்க?" என்று கேட்டேன். வண்டியை அந்தப் பக்கம் விட்டார்.

அந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். கீழே டைல்ஸ் கடை. இவர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். பக்கத்து டீக்கடைப் பெரியவர் என்ன வேண்டும் என்று கேட்க, இவர் கன்னடத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். பெரியவருக்குப் பழைய ஆட்களைத் தெரியும்போல. பெயர் பெயராகச் சொல்லி, கையை ஆட்டி, தோளில் தட்டி, இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். என் கணவர் ஒரு கதை சொல்லி, அதற்குத் தானே சிரித்து, மற்றவரைப் பேசவிடாமல் அடுத்ததை ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வண்டிக்கும் கடைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். ஒரு முறை என்னைக் காட்டி, "நம்ம மனெயவ்ரு, டீச்சரு," என்றார். வீட்டுக்காரி என்கிறார் என்று ஊகித்தேன். பெரியவர் கும்பிட்டார்.

வண்டியில் ஏறியதும் கேட்டேன். "அந்தப் பொண்ணப் பத்தி விசாரிச்சீங்களா?"

"இல்ல."

"இவ்வளவு நேரம் பேசினீங்களே! அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும். கேட்டா சொல்லிடுவாரு."

"சொல்லட்டுமே. வண்டியத் திருப்புங்க, நான் கேக்கறேன்."

"உனக்குத்தான் கன்னடம் தெரியாதே," என்றார். திருப்பவில்லை.

பெங்களூர் நெரிசலில் நான்கு மணி நேரம் ஊர்ந்து வந்தோம். எப்படி ஒருவரால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடிகிறது என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. அவருக்கு அது போதுமாக இருக்கிறது. எனக்குப் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்தப் பெண் மைசூரில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறாள்.

என் ஆறாம் வகுப்பில் வீட்டில் கன்னடம் பேசுகிற பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். சாப்பாட்டு இடைவேளையில் தினம் இரண்டு வார்த்தை அவளிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். "எங்கே" வந்துவிட்டது, "யார்" வந்துவிட்டது, "இருக்கிறாளா" இன்னும் வாயில் நிற்கவில்லை.

"எதுக்கு டீச்சர் கன்னடம் கத்துக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு டீக்கடைக்காரரக் கேக்க வேண்டியிருக்குது," என்றேன்.